தீனிக்காரன் வளைவு

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தி வாலுவும் தலைவலி, காய்ச்சல் என்று எதுவும் இல்லாமல் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையோடு தொடங்குகிறேன். இங்கே அம்மா நன்றாக இருக்கிறாள், படியேறும்போது மட்டும் முழங்கால் அவள் பேச்சைக் கேட்பதில்லை. நானும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. ஒன்பது நாளாகத் தெருவில் லாரி போனால் மேசைமேல் இருக்கும் டம்ளரில் தண்ணீர் ஆடுகிறதா என்று பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். என் கடிதங்களை நடுப்பக்கத்தோடு மடித்து வைத்துவிடும் பழக்கம் உனக்கு உண்டு என்பது எனக்குத் தெரியும், அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்தொன்பதாம் தேதி நம் ஊர்ப் பழைய பாதையின் திறப்பு விழா ரயிலில் நீ ஏறக்கூடாது. மாப்பிள்ளையும் ஏறக்கூடாது. முதல் பெட்டியின் ஜன்னலில் நின்று கொடியசைக்க வாலுவைத் தேர்ந்தெடுத்திருப்பதாக உன் தாய்மாமா சொல்லி அனுப்பினாரே, அந்தப் பச்சைக் கொடியைக் குழந்தை கண்ணில் படாமல் எங்காவது வைத்துவிடு. இதைப் படித்ததும் அப்பா ஆரம்பித்துவிட்டார் என்று நீ சொல்வாய். சொல். ஆனால் மடிக்காமல் கடைசிவரை படி.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். இரண்டு தடவை எண்ணைச் சுழற்றினேன். முதல் தடவை வாலு எடுத்து, தாத்தா, நான் தலைக்கு ரிப்பன் கட்டிக்கிட்டுத்தான் கொடி ஆட்டுவேன் என்றாள், நான் நல்லது கண்ணு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அடுத்த தடவை நீ எடுத்தாய், குளிர் எப்படி என்று கேட்டேன், நீயும் குளிரைப் பற்றிப் பத்து நிமிஷம் சொன்னாய். வாயால் சொல்லத் தொடங்கினால் நான் வழக்கம்போல மாமாவைத் திட்ட ஆரம்பித்துவிடுவேன், அதோடு விஷயம் போய்விடும். எழுத்தில் என்றால் திட்டினாலும் திரும்பி வரலாம்.

கிளைப்பாதையின் வரலாற்றை நான் எழுதியது உனக்குத் தெரியும். நூற்றுப் பதினாறு பக்கம், நான்கு வருஷ உழைப்பு, அட்டையில் பழைய பாதைப் பாதுகாப்புக் குழுத் தலைவர் என்று உன் மாமா பெயர் கட்டை விரல் பருமனுக்கு இருக்கிறது, என் பெயரைத் தேட உன் அம்மாவின் கண்ணாடி வேண்டும். அதை விடு. விட முடியாது, ஆனாலும் இப்போதைக்கு விடு. அந்தப் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் இல்லை. அதை யாரும் நீக்கவில்லை, நானே எழுதவில்லை. அதை இப்போது உனக்கு எழுதுகிறேன்.

ஜங்ஷனிலிருந்து சுரங்க வாசல் வரை ஆறரை மைல் பாதை. தொண்ணூற்றிரண்டு வருஷத்துக்கு முன்னால் சுரங்கக் கம்பெனி தன் செலவில் போட்டது, நிலக்கரி ஏற்றிப்போக மட்டும். முதல் பதினோரு வருஷம் மனிதர்கள் ஏற அனுமதி இல்லை, அப்புறம் கூலியாட்களுக்காகக் கரி வண்டிகளின் வாலில் ஒரு மரப்பெட்டியை மாட்டினார்கள், அதற்கும் பின்னால் பள்ளிப் பிள்ளைகளுக்கு இன்னொன்று. முதலில் எடுத்த அளவுப்படி பாதை நேராக வந்திருக்க வேண்டும். நாலாவது மைலில் ஒரு பழத்தோட்டக்காரர், என் மரத்தில் ஒன்றை வெட்டினாலும் தண்டவாளத்தில் படுத்துக்கொள்வேன் என்று பிடிவாதம் பிடித்தார். கம்பெனி அவரோடு மூன்று வருஷம் வழக்காடிச் சலித்துப்போய்ப் பாதையை மலைச்சரிவுப் பக்கம் வளைத்துவிட்டது, வளைவை ஒட்டி ஒரு பாலமும் கட்டியது. அந்த வளைவில்தான் நிலக்கரிப் படுகை தரைக்கு மிக அருகில் வருகிறது, இருபது அடி தோண்டினால் போதும். அதனால் கம்பெனி ஒரு விதி வைத்தது. பாதைக்கு அடியிலும், இரண்டு பக்கமும் நாற்பது கஜத்துக்கும் உள்ள கரியைத் தொடக்கூடாது, அது பாதையைத் தாங்குகிற தூண். சுரங்க வரைபடத்தில் அந்த இடத்தை இன்றைக்கும் கெட்டியான கறுப்பாகத்தான் தீட்டியிருக்கிறார்கள். போன வருஷம் புதிய பாதை போட வந்த பொறியாளர்கள் அந்த வரைபடத்தை வைத்துக்கொண்டு, சுரங்கம் வெட்டிய இடங்களில் எல்லாம் துளை போட்டுச் சோதித்தார்கள். வளைவில் ஒரு துளைகூடப் போடவில்லை. கறுப்பாக இருக்கிறதே, எதற்குப் போடுவார்கள். ஆனால் மகளே, அந்தக் கறுப்பு அங்கே இல்லை. நாங்கள் தோண்டி எடுத்துவிட்டோம். நானும் உன் மாமாவும் உன் அம்மாவும்.

நாற்பது வருஷத்துக்கு முந்தைய வேலைநிறுத்தம் பற்றி என் புத்தகத்தில் ஒன்பது பக்கம் இருக்கிறது, பாதி உன் அம்மாவைப் பெற்ற தாத்தாவைப் பற்றியது, அவர்தான் சங்கத் தலைவர். ஏழு மாதம் சுரங்கம் ஓடவில்லை, ரயில் ஓடவில்லை, தண்டவாளத்தில் துரு ஏறியது. குளிர் வந்தது. எங்கள் தெருவில் நாற்காலிக் கால்களை உடைத்து எரித்தார்கள், அப்புறம் கதவுகளை. எனக்குப் பதினெட்டு வயது, கல்லூரி நுழைவுத் தேர்வு முடிந்து வீட்டில் இருந்தேன். மாமாவுக்கு இருபத்தொன்று. வளைவுக்குக் கீழே சரிவில் புதருக்குள் கரி வெளியே தெரிகிற ஓர் இடத்தை அவர்தான் கண்டுபிடித்தார். பகலில்தான் தோண்டினோம், ரயிலே இல்லாத பாதையில் யார் வந்து பார்க்கப்போகிறார்கள். பதினோரு குடும்பத்து ஆட்கள் முறை வைத்து இறங்கினோம். உன் அம்மாவுக்குப் பதினாறு, சாக்கில் கட்டி முதுகில் சுமந்து தெருவுக்குக் கொண்டுபோகும் பெண்களில் ஒருத்தி. அவள் முகத்தைக் கரியில்லாமல் நான் முதன்முதலில் பார்த்தது கல்யாணத்தன்றுதான் என்று நான் சொல்லும்போதெல்லாம் நீ சிரிப்பாய், ஏன் கரி என்று ஒருநாளும் கேட்டதில்லை. சுரங்கத்திலிருந்து சரிந்தது என்று நினைத்திருப்பாய், அப்படி நினைக்கட்டும் என்றுதான் நாங்களும் விட்டோம்.

குகை குனிந்து போகிற உயரம், உள்ளே போகப் போக இரண்டு பக்கமும் அறை அறையாக வெட்டினோம். மேல்கூரை உதிரத் தொடங்கியபோது எல்லோரும் பயந்து வெளியே வந்துவிட்டார்கள். அப்போது படித்த பையன் என்ற திமிரில் நான் ஒரு யோசனை சொன்னேன். ஸ்டேஷன் பக்கத்தில் பாதைக்கென்று அடுக்கி வைத்திருந்த மரச் சட்டங்கள் இருந்தன, தண்டவாளத்துக்குக் குறுக்கே போடுவது. அதை எடுத்து முட்டுக் கொடுக்கலாம் என்றேன். தண்டவாளத்துக்கு மேலே கிடக்க வேண்டியதைத் தண்டவாளத்துக்குக் கீழே நிறுத்தினோம். எல்லோரும் முதுகில் தட்டினார்கள், உன் மாமா, மாப்ள மூளைக்காரன்டா என்றார், அப்போது நான் மாப்பிள்ளைகூட இல்லை. அந்த ஒரு பாராட்டைத்தான் இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து வாங்கியிருக்கிறேன். அந்தச் சட்டங்களைத்தான் இப்போது நினைக்கிறேன். ஈரத்தில் நாற்பது வருஷம். மரம் எவ்வளவு நாள் மரமாக இருக்கும்.

வேலைநிறுத்தம் தோற்றுப்போனது. பேச்சுவார்த்தையில் கம்பெனிக்காரன், உங்கள் ஆட்கள் கரி திருடியிருக்கிறார்கள், ஊரில் புகை தெரிந்தது என்றான். தாத்தா எழுந்து நின்று அத்தனை பேர் முன்னாலும், எங்க ஆளுங்க ஒரு கூடைக் கரி எடுத்திருந்தா இந்த நாக்கை அறுத்து மேசையில வைக்கிறேன் என்றார். அவர் வீட்டு அடுப்பிலும் அந்தக் கரிதான் எரிந்தது. எங்கிருந்து வந்தது என்று அவர் கேட்கவில்லை, யாரும் சொல்லவும் இல்லை. அந்த வார்த்தைக்குப் பிறகு வாய் திறக்க ஊரில் ஒருவருக்கும் வழியில்லாமல் போய்விட்டது. சொன்னால் பதினோரு குடும்பத்துக்கு வேலை போகும், தாத்தாவுக்கு நாக்கு போகும். வாசலைக் கல்லும் மண்ணும் போட்டு மூடினார்கள், ரயில் மறுபடி ஓடியது.

மூன்றாவது வாரமே வளைவில் பாதை உள்வாங்கியது. தண்டவாள மேஸ்திரி வந்து பார்த்தார். அவர் வீட்டுக்கும் எட்டு மூட்டை போயிருந்தது. ஒன்றும் பேசாமல் ஜல்லி கொட்டி நிரவிவிட்டுப் போனார். அடுத்த மாதம் மறுபடி. அதற்கடுத்த மாதம் மறுபடி. அவருடைய ஆட்கள் அந்த இடத்துக்குத் தீனிக்காரன் என்று பெயர் வைத்தார்கள். இன்னைக்குத் தீனிக்காரனுக்குச் சோறு போடணும் என்று சொல்லிக்கொண்டு கூடையோடு போவார்கள். ஓட்டுநர்களும் அங்கே வந்ததும் ஊதிவிட்டு நடை வேகத்தில் போவார்கள். புதிதாக வந்த ஸ்டேஷன் மாஸ்டர் காரணம் கேட்டால் ஊற்று இருக்கிறது, களிமண் என்பார்கள். ஊரே சேர்ந்து கட்டிக் காத்த பொய், பதினெட்டு வருஷம் ஒரு சக்கரம்கூடத் தடம் புரளவில்லை. அதைத்தான் மாமா இப்போது சாட்சியாகச் சொல்கிறார். அப்புறம் சுரங்கம் மூடியது, தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள், இருபத்திரண்டு வருஷம் புல் முளைத்தது. நானும் மூச்சு விட்டேன்.

நீ மூன்றாம் வகுப்பு வரைக்கும் அந்த ரயிலில்தான் பள்ளிக்குப் போனாய். நானும் அதே ரயிலில் ஏறி அதே பள்ளிக்குப் பாடம் நடத்த வருவேன். உனக்கு நினைவிருக்கிறதா, நாலாவது மைல் கல் வந்ததும் நான் உன் கையைப் பிடித்துக்கொள்வேன். ஏம்ப்பா இப்படிப் பிடிக்கறே, கை வலிக்குது என்று தினமும் சொல்வாய், பிசுபிசுன்னு இருக்கு என்று பாவாடையில் துடைப்பாய். ஒருநாள் பெட்டியில் எல்லோருக்கும் கேட்கிறமாதிரி, எங்கப்பாவுக்கு ரயில்னா பயம் என்று சொல்லிவிட்டாய், எதிரே இருந்தவர்கள் சிரித்தார்கள். தெரிந்தே உன்னை அதில் ஏற்றினேன். பேருந்தில் அனுப்பினால் ஏன் என்று கேட்பார்கள் என்ற ஒரே காரணத்துக்காக.

இப்போது ஒன்பது நாளுக்கு முந்தைய கதைக்கு வருகிறேன். சோதனைக்காகப் புதிய என்ஜினை இருமுறை ஓட்டிப் பார்த்தார்கள். பழைய என்ஜினைவிட ஒன்றரை மடங்கு எடை. மறுநாள் காலை உலாத்தப் போகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வளைவுக்குப் போனேன். சரிவுப் பக்கத் தண்டவாளத்துக்கு அடியில் ஜல்லி ஒரு சாண் இறங்கியிருந்தது, மூன்று சட்டங்கள் எதன்மேலும் படாமல் தொங்கின. நான் வீட்டிலிருந்து கடப்பாரை எடுத்துப் போயிருந்தேன். சட்டங்களுக்கு நடுவில் குத்தினேன். முதல் நாலடி வழக்கமான மண், கஷ்டப்பட்டுத்தான் இறங்கியது. ஐந்தாவது குத்தில் எதிர்ப்பே இல்லை. கடப்பாரை என் கையை உருவிக்கொண்டு உள்ளே போய்விட்டது. போனது போனதுதான். கொஞ்சம் பொறுத்துத் தண்ணீரில் விழுகிற சத்தம் கேட்டது. நான் அந்த ஓட்டைக்கு மேலே இரண்டு காலையும் அகட்டி நின்றுகொண்டிருந்தேன். பழைய சுரங்க ஆட்கள் சொல்வார்கள், வெறும் குகை சும்மா இருக்காது, கூரை உதிர்ந்து உதிர்ந்து குகை மேலே ஏறும் என்று. இருபது அடிக்குக் கீழே நாங்கள் விட்டு வந்தது நாற்பது வருஷமாக ஏறி, இன்னும் நாலடியில் நிற்கிறது. எப்படித் திரும்பினேன் என்று தெரியவில்லை. தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு தவழ்ந்தேன் என்றுதான் நினைக்கிறேன், முழங்காலில் காயம் இருக்கிறது, அம்மாவிடம் தடுக்கி விழுந்ததாகச் சொன்னேன்.

அப்படியே மாமாவிடம் போனேன். பழைய காத்திருப்பு அறையைத்தான் குழு அலுவலகமாக வைத்திருக்கிறார்கள், பெயின்ட் வாசனை, தாத்தா பெயர் பொறித்த பலகையைத் துணி போர்த்திச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார்கள். நான் சொல்லி முடிப்பதற்குள், ஏன் மாப்ள, புஸ்தகத்துல உன் பேரைச் சின்னதாப் போட்டதுக்கு இவ்வளவு பெரிய குழியாத் தோண்டுவே என்று சிரித்தார், பெயின்ட் அடிக்கிறவனும் சேர்ந்து சிரித்தான். அவனை வெளியே அனுப்பிவிட்டு மாமா கதவைச் சாத்தினார். முகம் மாறிவிட்டது. எங்கப்பன் நின்னு சொன்ன வார்த்தை அது, அவரு பேருல பலகை தொறக்கற அன்னைக்கு அவரைப் பொய்யன்னு சொல்லச் சொல்றியா என்றார். குழந்தைங்க ஏறப்போற வண்டி மச்சான் என்றேன். நாப்பது வருஷம் நின்னது நாலு பெட்டிக்கா விழுந்துடும், நீ எதுல குத்தம் பாக்கல, குழாயில பாத்தே, நூலகத்துல பாத்தே, இப்ப பூமியில பாக்கறே என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாக, ஜல்லி போடச் சொல்றேன் போ என்றார். அன்று மாலையே இரண்டு வண்டி ஜல்லி கொட்டி நிரவிவிட்டார்கள். கடப்பாரை போன ஓட்டை தெரியவில்லை. தீனிக்காரனுக்கு மறுபடி சோறு போட்டாகிவிட்டது. அவருக்கும் தெரியும் என்பது அந்த ஜல்லியில்தான் எனக்குப் புரிந்தது, நம்பாதவர் எதற்கு ஜல்லி போடுவார்.

ரயில் பாதுகாப்பு ஆய்வாளரின் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். பன்னிரண்டாம் தேதி அவர் கையெழுத்துப் போட்டால்தான் வண்டி ஓடும். எடுத்த உதவியாளர் என் பெயரைக் கேட்டதும், ஸ்டேஷன் பலகையில எழுத்து கோணலா இருக்குன்னு ரெண்டு தரமும், மரியாதைக் குறைவா அழைப்பு வந்துச்சுன்னு ஒரு தரமும் எழுதினவர் நீங்கதானே சார் என்றார். ஆமாம் என்றேன். எழுத்துல குடுங்க, முறைப்படி கோப்புல சேத்துடறோம் என்றார். கோப்பில் சேர்த்துவிடுவார்கள் மகளே, அதைப்போல எனக்குத் தெரிந்தது வேறொன்றும் இல்லை. ஊரில் எனக்கு மனு வாத்தியார் என்று பெயர், உன் காதுக்கும் எட்டியிருக்கும். என்னைவிட ஆறு வருஷம் இளையவனைத் தலைமையாசிரியர் ஆக்கியதிலிருந்து எழுதத் தொடங்கினேன். குழாய்க்கு, நூலக நேரத்துக்கு, பக்கத்து வீட்டுச் சுவருக்கு, எல்லாவற்றிலும் நியாயம் என் பக்கம்தான் இருந்தது, இப்போதும் சொல்வேன். ஆனால் என் நியாயத்தையெல்லாம் சில்லறை சில்லறையாகச் செலவழித்துவிட்டு, உயிர் போகிற விஷயத்துக்கு இப்போது கையில் ஒன்றுமில்லாமல் நிற்கிறேன். இதை யார்மேலும் போட முடியவில்லை. ஒன்பது நாளாக முயற்சி செய்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் இதுவரை எழுதிவிட்டு, நீங்கள் மூன்று பேரும் ஏறாமல் இருந்தால் போதும் என்று கீழே அன்புடன் அப்பா என்று எழுதப்போனேன். அதுவரை அப்படித்தான் எண்ணம், உனக்கு மட்டும் எழுதிவிட்டுச் சும்மா இருந்துவிடுவது. அப்போது அம்மா தேநீர் கொண்டுவந்து வைத்தாள். ஏங்க, இத்தனை பக்கமா மகளுக்கு எழுதறீங்க என்று எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டாள், பிடுங்க எனக்குத் தெம்பில்லை. நின்றுகொண்டே படித்தாள், அப்புறம் உட்கார்ந்து படித்தாள். முடித்ததும் அவள் கேட்டது ஒரே கேள்வி. நம்ம புள்ளையை இறக்கிட்டீங்க, மத்த ஜன்னல்ல நிக்கற புள்ளைங்களுக்கு யாரு கடிதாசி போடுவா என்றாள். பள்ளியிலிருந்து நாற்பது பிள்ளைகள் ஏறுகிறார்கள்.

ஆய்வாளருக்கு எழுதி வைத்திருந்து அனுப்பாத மனுவை அலமாரியிலிருந்து எடுத்துக் காட்டினேன், வரைபடமும் போட்டிருந்தேன். அதைப் பார்த்துவிட்டு, நீங்க பாதியை விட்டுட்டீங்க என்றாள். எனக்குப் புரியவில்லை. நீங்க காலேஜுக்குப் போனப்புறமும் ரெண்டு மாசம் வெட்டினோம், அண்ணனும் நாங்களும், முட்டுக்கு மரம் கிடைக்கல, நடுவுல நீங்க விட்டிருந்த தூணையும் சேத்து எடுத்துட்டோம், பாலத்துப் பக்கமா ரொம்ப தூரம் போச்சு என்றாள். செய்தித்தாள் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டினாள், இங்க குனியணும், இங்க முட்டி போடணும், இங்க தண்ணி சொட்டும் என்று. சாக்கைச் சுமந்து நடந்த பாதை அவள் காலில் அப்படியே இருக்கிறது. நான் வரைந்திருந்ததைப் போல அது இரண்டு மடங்கு. முப்பத்திரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், நான் அவளிடமிருந்து என் முட்டுக் கட்டைகளைப் பற்றிய பயத்தை மறைத்தேன், அவள் என்னிடமிருந்து அந்தத் தூணை மறைத்திருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்றேன். நீங்க கேக்கலையே, கேட்டிருந்தா அண்ணனைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆகும் என்றாள். கொஞ்ச நேரம் இரண்டு பேரும் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தோம். எனக்கு அதுவரை இருந்தது பயம் என்று நினைத்திருந்தேன், அது பயமில்லை, இதுதான் பயம்.

இன்று காலை மனுவைப் புதிதாக எழுதினேன். என்ன எடுத்தோம், எங்கே எடுத்தோம், முட்டுக் கொடுக்கச் சொன்னது யார், எல்லாம். மாமாவைப் பற்றித் திட்டு ஒன்றுகூட இல்லை, இருந்த இரண்டை அம்மா அடித்துவிட்டாள். தாத்தாவின் நாக்கைப் பற்றி எழுதவில்லை, அது பொறியாளருக்குத் தேவையில்லை. கீழே நான் கையெழுத்துப் போட்டதும் பேனாவை வாங்கி அவளும் போட்டாள். உங்க கையெழுத்தை மட்டும் பாத்தா குப்பையில போட்டுடுவாங்க, நான் இதுவரைக்கும் யாரைப் பத்தியும் ஒரு வரி எழுதினதில்லை என்றாள். இனி அண்ணன் வாசப்படி எனக்குக் கிடையாது என்றும் சொன்னாள், சொல்லிவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாள். துடைத்ததையே ரொம்ப நேரம் துடைத்துக்கொண்டிருந்தாள்.

தபால் நிலையத்துக்கு இரண்டு பேரும் போனோம். அங்கே இருக்கிற எழுத்தருக்கு என்னைப் பார்த்தால் ஒரு வழக்கமான கேள்வி உண்டு, இன்னைக்கு யார் மேல சார் என்பது. இன்றும் உறையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டார். என் மேலதான் என்றேன். சிரிக்கத் தொடங்கியவர் எனக்குப் பின்னால் அம்மா நிற்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார். என்னம்மா நீங்களுமா என்றார். நானுந்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன், திரும்பிப் போகணும்னு தோணறதுக்குள்ள முத்திரையைக் குத்துப்பா என்றாள். குத்தினார். இரண்டு தடவை குத்தினார், முதலாவது சரியாக விழவில்லையாம். பதிவுத் தபால், நாலு நாளில் போய்ச் சேரும் என்றார், சேர்ந்தால் ஆய்வாளர் கைக்கு வர எத்தனை நாள் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது.

பதில் வராவிட்டால் என்ன செய்வது என்று திரும்பி வரும்போது அம்மாவிடம் கேட்டேன். வீட்டுக்கு வந்ததும் பரணிலிருந்து இரண்டு மடக்கு நாற்காலிகளை இறக்கச் சொல்லித் துடைத்து வாசற்கதவுப் பக்கம் சாய்த்து வைத்துவிட்டாள். முழங்கால் இருக்கிற நிலைமையில் தண்டவாளத்தில் தரையில உக்கார முடியாது என்கிறாள். பாலத்துக்கு இந்தப் பக்கம், அவள் கோடு போட்ட இடத்துக்கு நன்றாக முன்னாலேயே உட்காருவோம், ஓட்டுநருக்குத் தூரத்திலேயே தெரியும்படி. பழத்தோட்டக்காரர் படுத்துக்கொள்வேன் என்று சொன்னதை நாங்கள் உட்கார்ந்து செய்யப்போகிறோம், அவர் மரத்துக்காகச் சொன்னார். அந்த நிலைமை வராது என்று நினைத்துக்கொள், நானும் அப்படித்தான் நினைக்க முயல்கிறேன், நாற்காலி கண்ணில் படும்போதெல்லாம் முடியவில்லை.

மாமா உனக்குப் பேசுவார். அப்பாவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்பார், அம்மாவையும் கெடுத்துவிட்டார் என்பார். எதிர்த்துப் பேசாதே, அழுதால் அழ விடு, அவர் அப்பனுக்காகத்தான் அழுவார், அதில் பொய் இல்லை. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபத்தில் ஒரு துளியும் குறையவில்லை, ஆனால் அவருக்காகவும் பயமாக இருக்கிறது, முதல் பெட்டியில் வாலுவுக்குப் பக்கத்தில் நிற்கப்போகிறவர் அவர்தானே. முடிந்தால் நீயும் அவரை இறங்கச் சொல். உன் பேச்சைக் கேட்பார், என் பேச்சை வாழ்நாளில் கேட்டதில்லை.

வாலுவிடம் என்ன சொல்வது என்று உனக்குத் தெரியும். தாத்தா பயந்தாங்கொள்ளி என்று சொல்லிவிடு, அது உண்மைதான். உன் கை வலிக்க வலிக்க நான் பிடித்ததற்குக் காரணம் கேட்டாயே, அதற்கு இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பதில் எழுதியிருக்கிறேன், தாமதத்துக்கு மன்னித்துக்கொள். மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் மூவரும் கெட்டியான தரையில் நீண்ட காலம் நடமாட வேண்டும், எனக்கு வேறு ஆசீர்வாதம் சொல்லத் தோன்றவில்லை. கடிதம் கிடைத்ததும் கிடைத்தது என்ற ஒரு வார்த்தையாவது உடனே சொல், ராத்திரி பகல் பார்க்காதே. கொடியை எடுத்து வைக்க மறந்துவிடாதே.

உன் அப்பா

கண்ணு, அப்பா எழுதினது எல்லாம் நிஜம். நான் சுமந்தது. புள்ளைய ஏத்தாதே.
அம்மா